சாலைக்கும் உரிமை உண்டு: நம்மோடு கைகோத்தவர்களுக்கு நன்றி சொல்வோம்

ஜும்ஆ பயான் – எழுத்து வடிவம்

(ஹம்து, ஸலவாத்துக்குப் பின்...)

   

இன்று தொழுகை முடிந்ததும் யாரும் உடனே புறப்பட்டுவிட வேண்டாம். பள்ளிவாசல் முற்றத்தில் சிலர் வந்து நிற்பார்கள். முனையில் உள்ள ஆட்டோ ஸ்டாண்டு ஓட்டுநர்கள், எதிர்த்தெரு தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை, அம்மன் கோயில் கமிட்டிப் பெரியவர், போக்குவரத்துக் காவலர் ஒருவர். நம் ஜமாஅத் சார்பில் அவர்களுக்கு ஒரு சால்வை போர்த்தி, இரண்டு வார்த்தை நன்றி சொல்லப் போகிறோம். ஏன் சொல்கிறோம், மார்க்கத்தில் இதற்கு என்ன இடம் என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை

உங்களில் பலருக்கு அந்த வெள்ளிக்கிழமை நினைவிருக்கும். நான் மிம்பரில் நின்று கொண்டிருந்தேன். வெளியே பிரேக் போடும் சத்தம், பிறகு ஒரு பெண்ணின் அலறல். தொழுகை முடிந்து வெளியே வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. தார்ச்சாலையில் ஒரு குழந்தையின் செருப்பு கிடந்தது.

நடந்தது இதுதான். எதிர்த்தெருப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கும் பையன், மதியச் சாப்பாட்டுக்காக வீட்டுக்கு நடந்து போயிருக்கிறான். தினமும் சாலையோர மண் தடத்தில் போகிற பிள்ளை. அன்று அந்தத் தடத்தில் இடமில்லை. பள்ளிவாசல் மதிலிலிருந்து ஆட்டோ ஸ்டாண்டு வரை நம்முடைய மோட்டார் சைக்கிள்கள் இரண்டு வரிசையாக நின்றன. பிள்ளை சாலையில் இறங்கி நடந்தான். வளைவில் திரும்பிய வேன் இடித்துவிட்டது. கால் எலும்பு முறிந்தது. அல்லாஹ் உயிரைக் காத்தான்.

மறுநாள் நானும் முத்தவல்லியும் அந்த வீட்டுக்குப் போனோம். பையனின் அம்மா எங்களை உட்கார வைத்து டீ கொடுத்தார். ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. பாட்டி மட்டும் மெதுவாகக் கேட்டார்: "ஹஸரத்து, உங்களத் தப்பு சொல்லல. வெள்ளிக்கிழமையானா அந்த வழியா புள்ளைய அனுப்பவே பயமா இருக்கு. எதாச்சும் பண்ண முடியுமா?"

சகோதரர்களே! நான் பல வருடங்களாக இந்த மிம்பரில் நின்று அண்டை வீட்டாரின் உரிமை பற்றிப் பேசியிருக்கிறேன். எவருடைய தீங்கிலிருந்து அண்டை வீட்டார் அச்சமற்று இருக்கவில்லையோ அவர் உண்மையான முஃமின் அல்லர் என்று நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை சத்தியமிட்டு எச்சரித்த ஹதீஸை உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். வாசலில் நின்ற வண்டிகளையும் ஒவ்வொரு வாரமும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஒரு வார்த்தை சொன்னதில்லை. "ஜும்ஆதானே, அரை மணி நேரம்தானே" என்று நினைத்தேன். முதல் தவறு என்னுடையது.

ஹிதாயாவில் ஓதிய பாடம்

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு சகோதரர் என்னிடம் கேட்டார்: "ஹஸரத், பார்க்கிங், ஸ்பீடு பிரேக்கர் எல்லாம் மிம்பரில் பேசுகிற விஷயமா? தீனைப் பேசுங்களேன்."

இதுவும் தீன்தான். ஈமானுக்குப் பல கிளைகள் உண்டு, அவற்றில் ஆக எளியது பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். பாதையில் கிடந்த முள்கிளையை ஒதுக்கிப் போட்ட ஒரு மனிதரின் அச்செயலை ஏற்று அல்லாஹ் அவரை மன்னித்தான் என்றும் சொன்னார்கள். பாதைகளில் உட்கார வேண்டாம் என்று அவர்கள் தடுத்தபோது, எங்களுக்கு வேறு இடமில்லையே என்றனர் தோழர்கள். அப்படியானால் பாதைக்கு அதன் உரிமையைக் கொடுங்கள் என்றார்கள் நபியவர்கள். பார்வையைத் தாழ்த்துவதோடு, பிறருக்குத் தொல்லை தராமலிருப்பதையும் அந்த உரிமைகளில் ஒன்றாக எண்ணிச் சொன்னார்கள். ஹதீஸ் கிரந்தங்களில் வரும் செய்திகள் இவை.

இருபது வருடங்களுக்கு முன் மதரஸாவில் ஹிதாயா ஓதியபோது தியத்துடைய பாடத்தில் ஒரு பகுதி வரும். பொதுப்பாதையில் ஒருவர் எதையாவது புதிதாக வைத்தால் என்ன சட்டம் என்பது அது. வீட்டின் தண்ணீர்க் குழாயையோ மரத்துண்டையோ பாதை பக்கம் நீட்டி வைத்து, அது விழுந்து ஒருவர் இறந்தால் வைத்தவர் தரப்பு பொறுப்பேற்க வேண்டும். அடுத்த பகுதி கால்நடைகளைப் பற்றியது. ஓடிக்கொண்டிருக்கும் வாகனப் பிராணி பின்னங்காலால் உதைத்துவிட்டால், தவிர்க்க முடியாது என்பதால் ஏறி வந்தவர் மீது ஈடு இல்லை. அதையே பாதையில் நிறுத்தி வைத்திருந்தால் அந்த உதைக்கும் அவரே பொறுப்பு. ஏனென்றால் பாதை நடப்பதற்கு உள்ளது, நிறுத்துவதற்கு அல்ல.

அன்று அதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். அந்தப் பாட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் அதன் அர்த்தம் புரிந்தது. நம் வண்டிகள் அந்தப் பையனை இடிக்கவில்லை, உண்மை. வேன் ஓட்டியவர் மீதுதான் வழக்கு. நம் மீது யாரும் புகார் கொடுக்கவில்லை. உங்கள் மீது ஃபத்வா கொடுக்கவும் நான் வரவில்லை. ஆனால் மிருகத்தைக்கூடப் பாதையில் நிறுத்தக் கூடாது என்று எழுதி வைத்த இமாம்களின் கிதாபை ஓதிய சமுதாயம், ஒரு பிள்ளை நடக்கும் ஓரடிப் பாதையை அடைத்துவிட்டு உள்ளே வந்து தக்பீர் கட்டியிருக்கிறது. இதற்கு அல்லாஹ்விடம் என்ன பதில் சொல்வோம்?

நம் காலத்து உலமாக்களும் இதைப் பேசியிருக்கிறார்கள். 1993 ஜூன் மாதம் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் 8-வது அமர்வு சாலை விபத்துகளைப் பற்றித் தனியாகவே தீர்மானம் எடுத்தது. ஷரீஅத்துக்கு முரணில்லாத போக்குவரத்து விதிகளுக்குக் கட்டுப்படுவது வாஜிப் என்பது அதன் சாரம். ஆகவே சிக்னலில் நிற்பதைப் போலீஸுக்காக மட்டும் செய்யாதீர்கள், அல்லாஹ்வுக்காகச் செய்கிறோம் என்று நிய்யத் வையுங்கள்.

யார் என்ன செய்தார்கள்?

இனி, இன்று நாம் நன்றி சொல்லப் போகிறவர்கள் செய்ததைக் கேளுங்கள்.

அன்று அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் ஒரு ஆட்டோ ஓட்டுநர். ஆம்புலன்ஸுக்கு அவர் போன் செய்தார். வண்டி வேறு கேஸில் இருக்கிறது, வர நேரமாகும் என்று தெரிந்ததும் காத்திருக்கவில்லை. காலை அசையாமல் துண்டால் கட்டி, பின் சீட்டில் படுக்க வைத்து, அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனார். அன்றைய சவாரி முழுவதும் போயிற்று.

அடுத்த வாரம் ஆட்டோ ஸ்டாண்டில் அவர்களாகவே பேசி, ஸ்டாண்டை வளைவிலிருந்து சற்றுத் தள்ளி மாற்றிக்கொண்டார்கள். திரும்பும் வண்டிக்கு எதிரே வருபவர் இப்போது தெரிகிறார். அந்த இடம் போனதால் அவர்களுக்குச் சவாரி கொஞ்சம் குறையும் என்று தெரிந்தே செய்தார்கள்.

கோயில் கமிட்டியார், வெள்ளிக்கிழமை மதியம் நம் வண்டிகளை நிறுத்திக்கொள்ளக் கோயில் திடலைத் திறந்துவிட்டார்கள். வாடகை பேசப் போனோம். அந்தப் பெரியவர், "நம்ம புள்ளைங்க நடக்குறதுக்கு நமக்குள்ள என்ன பாய் வாடகை?" என்றார். அதற்குப் பிறகு ஆடித் திருவிழாவுக்கு நம் மதரஸா மைதானத்தை நாம் அவர்களுக்குத் திறந்துவிட்டோம்.

தலைமை ஆசிரியை வெள்ளிக்கிழமைகளில் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகும் பிள்ளைகளைப் பின்வாசல் வழியாக, வரிசையாக, ஒரு ஆசிரியரோடு அனுப்புகிறார். போக்குவரத்துக் காவலர் தம் சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொண்டு ஜும்ஆ நேரத்தில் வளைவில் வந்து நிற்கிறார்.

அதற்கு முன்பே வேகத்தடை கேட்டு நம் ஜமாஅத் லெட்டர் பேடில் மனு கொடுத்திருந்தோம். பதில் வரவில்லை. கோயில் கமிட்டியும் கொடுத்திருந்தார்கள், அதற்கும் வரவில்லை. மூன்றாவது முறை ஒரே மனுவில் பள்ளிவாசல், கோயில், பள்ளிக்கூடம், ஆட்டோ ஸ்டாண்டு எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். சேர்ந்தே போய்க் கொடுத்தோம். வேகத்தடை வந்தது, வெள்ளைக் கோடு போட்டார்கள், எரியாமல் கிடந்த விளக்கு எரிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் உள்ளே ஸஃப் கட்டி நிற்கும்போது வெளியே சாலையைப் பார்த்துக்கொள்வது யார்? ஆட்டோக்காரர்களும் கோயில் தெரு இளைஞர்களும்தான். நாம் ஸுஜூதில் இருக்கும் நேரத்தில், தாமதமாக ஓடி வரும் நம் பிள்ளைகளையும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளையும் கைப்பிடித்துச் சாலை கடக்க வைப்பவர்கள் அவர்கள். இதைப் பலரும் கவனிக்கவே இல்லை என்பதால்தான் இன்று இங்கே சொல்கிறேன்.

அந்தப் பையன் இப்போது மறுபடியும் பந்து விளையாடுகிறான். ஓடும்போது மட்டும் இடது காலை லேசாக இழுக்கிறான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செருப்பு நினைவுக்கு வரும்.

பள்ளிவாசலில் இவர்களுக்குச் சால்வையா?

"மாற்று மதச் சகோதரர்களுக்குப் பள்ளிவாசல் முற்றத்தில் மரியாதை செய்வது தேவையா?" என்று சிலர் கேட்டீர்கள். கேட்டது நல்லதுதான். மனதில் வைத்துக்கொண்டு போவதைவிடக் கேட்பது மேல்.

நபி (ஸல்) அவர்களின் ஸீராவைப் பாருங்கள். யமனிலிருந்து வந்த ஸுபைத் குலத்து வியாபாரி ஒருவரிடம் மக்காவின் ஆஸ் இப்னு வாயில் சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தர மறுத்தான். அந்த அந்நியருக்கு ஊரில் ஆதரவில்லை. அப்போது மக்காவின் சில குலத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் கூடி, அநீதி செய்யப்பட்டவர் யாராக இருந்தாலும் அவருக்குத் துணை நிற்போம் என்று உறுதி எடுத்தார்கள். அதுதான் ஹில்ஃபுல் ஃபுளூல். இளைஞராக இருந்த நம் நபியவர்கள் அதில் கலந்துகொண்டார்கள். நுபுவ்வத் கிடைத்த பிறகும் அதைப் பெருமையாக நினைவுகூர்ந்து, இப்போது அப்படி ஓர் உடன்படிக்கைக்கு அழைத்தாலும் வருவேன் என்றார்கள். அதில் கூடியவர்கள் கலிமா சொன்னவர்கள் அல்லர். கூடிய காரியம் நன்மையானது.

ஹிஜ்ரத்தை நினைத்துப் பாருங்கள். அதைவிட ஆபத்தான பயணம் எது? பின்னால் குறைஷிகள் பரிசு அறிவித்துத் தேடுகிறார்கள். அந்தப் பாதையில் வழிகாட்டியாக நபியவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் கூலிக்கு அமர்த்தியது அப்துல்லாஹ் இப்னு உரைகித் என்பவரை. அவர் அப்போது குறைஷிகளின் மதத்தில் இருந்தவர். ஆனால் பாதை தெரிந்தவர், நாணயமானவர். தங்கள் ஒட்டகங்களை அவரிடமே ஒப்படைத்து, மூன்று இரவு கழித்து ஸவ்ர் குகைக்கு வரச் சொன்னார்கள். அவரும் சொன்னபடி வந்தார். உயிரைக் காக்கும் பயணத்தில் நம் நபியவர்கள் நம்பியது திறமையையும் நாணயத்தையும்.

நன்மையிலும் இறையச்சத்திலும் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும்படி சூரா அல்மாயிதாவில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். ஓர் உயிரை வாழ வைப்பது மனித இனம் முழுவதையும் வாழ வைத்ததற்கு ஒப்பு என்பதும் அதே சூராவில் உள்ளது. மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவர் என்று நபியவர்கள் கூறியிருக்கிறார்கள். சால்வை ஒரு துணிதான். "நீங்கள் செய்ததை நாங்கள் பார்த்தோம், மறக்க மாட்டோம்" என்பதை அது சொல்கிறது.

நன்றியோடு முடிந்துவிடாது

சால்வை போர்த்திவிட்டு வெளியே போய் மறுபடியும் மண் தடத்தில் வண்டியை நிறுத்தினால், அந்த நன்றிக்கு என்ன பொருள்? ஆகவே நம் பங்கு என்ன என்று கேளுங்கள்.

முதலாவது, நேரத்தோடு வாருங்கள். கடைசி நிமிடத்தில் வருபவர்தான் வண்டியை நடுவில் விட்டுவிட்டு ஓடி வருகிறார். இகாமத் கேட்டாலும் ஓடாதீர்கள், அமைதியாக வாருங்கள், கிடைத்ததைத் தொழுது விடுபட்டதைப் பூர்த்தி செய்யுங்கள் என்பது நபிவழி. அரஃபாவிலிருந்து திரும்பும்போது பின்னால் மக்கள் ஒட்டகங்களை அடித்து விரட்டும் சத்தம் கேட்டு, நிதானம் வேண்டும், விரைந்தோடுவது புண்ணியம் அல்ல என்று சாட்டையால் சைகை காட்டித் தடுத்தார்கள். ஹஜ்ஜிலேயே வேகம் புண்ணியமில்லை என்றால் பைபாஸ் ரோட்டில் எப்படிப் புண்ணியமாகும்? மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறவர் 2 விநாடி போனைப் பார்த்தால், அதற்குள் வண்டி 33 மீட்டர் போய்விடும். நம் பள்ளியின் ஒரு ஸஃப் அவ்வளவு நீளமில்லை.

இரண்டாவது, ஹெல்மெட். தொப்பி நசுங்கும் என்று ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு வருகிற வாலிபர்களே! மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் ஹெல்மெட் அணியாதவர்கள் 50,029 பேர். அந்த ஆண்டு மிக அதிக விபத்துகள் நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு, 64,105 விபத்துகள். தொப்பியைச் சட்டைப் பையில் வையுங்கள். பள்ளிக்கு வந்து அணிந்துகொள்ளலாம். நம் கைகளாலேயே நம்மை அழிவில் தள்ளக் கூடாது என்பது குர்ஆனின் தடை.

மூன்றாவது, பெற்றோர்களே! பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பெருநாள் பரிசாக பைக் சாவியைக் கொடுக்காதீர்கள். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவுப்படி, சிறுவர் ஓட்டித் தவறு செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. இதைவிடப் பெரியது ஆகிரத்தின் கணக்கு. கவனக்குறைவால் ஓர் உயிரைப் போக்கியவருக்கு தியத்தோடு கஃப்பாராவும் உண்டு. இன்றைய நிலையில் அது 2 மாதம் தொடர்ந்து நோன்பு வைப்பது. இன்ஷூரன்ஸ் பணம் கட்டிவிட்டால் அது நீங்கிவிடாது.

நான்காவது, என் சகோதரிகளே! பைக்கில் பின்னால் உட்காரும்போது புர்காவின் ஓரத்தையும் துப்பட்டாவையும் சேர்த்துப் பிடித்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தில் சிக்கி விழுந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். வண்டியில் சக்கரத்தை மறைக்கும் சேலை கார்டு இருக்கிறதா என்று இன்றே உங்கள் வீட்டு ஆண்களிடம் கேளுங்கள்.

ஐந்தாவது, விபத்தைக் கண்டால் விலகிப் போகாதீர்கள். 2007-ல் டெல்லியில் பியூஷ் திவாரி என்பவரின் உறவுக்காரப் பள்ளி மாணவன் வண்டி மோதிச் சாலையோரம் கிடந்தான். போய்க்கொண்டிருந்த யாரும் நிற்கவில்லை, பிள்ளை இறந்துபோனான். மறு ஆண்டு அவர் சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார். அந்த அமைப்பு தொடுத்த வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம், உதவுபவர்களைக் காவல்துறையோ மருத்துவமனையோ தொந்தரவு செய்யக் கூடாது என்ற வழிகாட்டுதல்களைக் கட்டாயமாக்கியது. 2019 திருத்தத்தில் 134ஏ பிரிவாக அது சட்டமாகவே ஆகிவிட்டது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்கு வராது. நீங்கள் விரும்பாவிட்டால் பெயர், முகவரி கொடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

செலவை நினைத்தும் தயங்க வேண்டாம். நம் மாநிலத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் இலவச சிகிச்சை. அவர் வேறு மாநிலத்தவராக இருந்தாலும் உண்டு. முதலில் 108-க்கு அழையுங்கள். கழுத்தோ முதுகோ அடிபட்டதுபோல் தெரிந்தால், வேறு ஆபத்து இல்லாத வரை அவரை அசைக்காமல் பக்கத்தில் இருங்கள்.

இதே பியூஷ் திவாரியின் அமைப்பு 2016 முதல் மும்பை–புனே விரைவுச் சாலையில் அரசின் சாலைத் துறையோடும் நெடுஞ்சாலைக் காவலர்களோடும் சேர்ந்து வேலை செய்தது. சில ஆண்டுகளில் அங்கே உயிரிழப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. பல கைகள் சேர்ந்தால் அத்தனை பெரிய சாலையிலேயே முடிகிறது. நம் முனையில் உள்ள ஒரு வளைவில் முடியாதா?

உங்கள் ஊரில்

இணையத்தில் வாசிக்கும் சகோதரரே! உங்கள் பள்ளிவாசல் வாசலிலும் ஒரு வளைவு இருக்கும். அடுத்த ஜும்ஆவுக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போய், அந்த நேரத்தில் ஒரு குழந்தையோ ஒரு முதியவரோ அங்கே நடக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் உங்கள் வண்டியை நகர்த்துங்கள். பிறகு முத்தவல்லியிடம் பேசுங்கள். அதன் பிறகு பக்கத்துக் கோயிலில், சர்ச்சில், பள்ளிக்கூடத்தில், ஆட்டோ ஸ்டாண்டில் போய்ப் பேசுங்கள். அவர்களில் சிலர் நமக்கு முன்பே அதைச் செய்துகொண்டிருக்கலாம். அப்படியானால் முதலில் நன்றி சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் கவனக்குறைவால் பிறருக்கு ஏற்பட்ட தீங்குகளை மன்னிப்பாயாக. அடிபட்ட அந்தப் பிள்ளைக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக. சாலைகளில் உயிர் நீத்த எங்கள் மர்ஹூம்களின் கப்ரை ஒளிமயமாக்குவாயாக. எங்களோடு கைகோத்து இந்தப் பாதையைப் பாதுகாக்கும் அண்டை வீட்டாருக்கு நலத்தையும் ஹிதாயத்தையும் அருள்வாயாக. எங்கள் வீட்டிலிருந்து புறப்படும் ஒவ்வொருவரையும் ஸலாமத்தாக வீடு திரும்பச் செய்வாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.